பஸ்பிரோன்: தூங்க வைக்காத பதற்ற மாத்திரை பற்றி வேலூரில் கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மருந்துக் கடை கவுன்டரில் நிற்கும் மருந்தாளுநர் நான். மனப்பதற்றத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுபவர்கள் முதலில் கேட்பது, "இது தூக்க மாத்திரையா?" என்றுதான். சீட்டில் பஸ்பிரோன் என்று இருந்தால் "இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லலாம். ஆனால் சிலர் சில நாளிலேயே திரும்பி வந்து, "தூக்கமே வரல, மாத்திரை வேலை செய்யல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நல்ல மருந்து ஒன்று இப்படி வீணாவது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான் அடிக்கடி காதில் விழும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது சரி, எவ்வளவு சரி என்பதை உங்களைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பஸ்பிரோன் எதற்குக் கொடுக்கிறார்கள்?

எதற்கெடுத்தாலும் கவலை, பெரும்பாலான நாட்களில் கவலை, மாதக்கணக்கில் ஓயாத கவலை என்று ஒரு நோய் இருக்கிறது. டாக்டர்கள் இதைப் பொதுப் பதற்றநோய் என்பார்கள். மகள் காட்பாடியில் ரயில் ஏறினால் அரக்கோணம் தாண்டினாளா, சென்ட்ரலில் இறங்கினாளா என்று அம்மாவுக்கு வேலையே ஓடாது. மகள் போய்ச் சேர்ந்து போன் செய்த பிறகு வீட்டு வாடகை, அது முடிந்தால் மாமியார் சர்க்கரை. கூடவே தோள்பட்டை இறுக்கம், வயிற்றுப் பிரட்டல், எரிச்சல், தூக்கக் குறைவு. ஊரில் இதை "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி டானிக் வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. டானிக்குக்குக் கட்டுப்படுகிற விஷயம் இல்லை இது.

இந்த நோய்க்குத்தான் பஸ்பிரோன். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டு, செத்துவிடுவோமோ என்று பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போகும் பீதித் தாக்குதலுக்கு இது பயன்படாது. அந்த நேரத்தில் ஒரு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டால் அடங்கும் என்று பையில் வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கான மருந்து இது இல்லை.

அல்பிரசோலம், டயஸிபாம் மாதிரி மாத்திரைகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அவையெல்லாம் பென்சோடயஸிபீன் என்ற குடும்பம். அதில் முதல் மருந்து 1960இல் கடைக்கு வந்தது, டயஸிபாம் 1963இல். மூளையின் பரபரப்பை அடக்கும் இயற்கையான ரசாயனம் காபா. நரம்பு செல்லில் காபா வந்து ஒட்டும் இடத்துக்குக் காபா ஏற்பி என்று பெயர். பென்சோடயஸிபீன் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து, காபாவின் வேலையைப் பல மடங்கு பெருக்கும். காபா மூளை முழுக்க இருப்பதால் விளைவும் எல்லா இடத்திலும் தெரியும். பதற்றம் குறையும், தூக்கம் வரும், தசை தளரும், வலிப்பு அடங்கும், புதிதாகப் பார்த்ததும் கேட்டதும் மனதில் நிற்காது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஆளே மாறிவிடுவார். அவசரத்துக்கு அது அருமையான மருந்து. தினமும் போட்டால்தான் சிக்கல். உடம்பு பழகி, அளவு ஏறி, நிறுத்த முடியாமல் போகும்.

பஸ்பிரோன் காபா பக்கமே போவதில்லை. அதனால் தூக்கம் வராது, தசை தளராது, வலிப்பும் அடங்காது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் மீட் ஜான்சன் நிறுவனத்து வேதியியலாளர்கள் மனச்சிதைவுக்கு மருந்து தேடியபோது உருவாக்கிய மூலக்கூறு இது. அந்த நோய்க்கு அது உதவவில்லை, ஆனால் பதற்றத்தைக் குறைப்பது தெரியவந்தது. 1986இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து பஸ்பார் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

சட்டமும் இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை ஆகியவை 2014 மார்ச் முதல் ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. விற்றால் வாங்கியவர் பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை 3 வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பஸ்பிரோனுக்கு அந்தப் பதிவேடு தேவையில்லை. ஆனால் டாக்டர் சீட்டு கட்டாயம் வேண்டும். "தெரிஞ்சவங்கதானே, ஒரு ஸ்ட்ரிப் குடுங்க" என்று கேட்டால் கொடுக்க மாட்டோம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூளையில் அப்படி என்னதான் செய்கிறது?

செரோட்டோனின் என்பது மூளை செல்களுக்கு இடையே செய்தி கொண்டு போகும் ஒரு ரசாயனம். பஸ்பிரோன் வேலை செய்யும் இடம் செரோட்டோனின் ஏற்பிகளில் ஒரு வகை. 5-ஹெச்டி-1ஏ என்று பெயர். இந்த ஏற்பி இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டிலும் வேலை வேறு.

முதல் இடம் மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதி. செரோட்டோனினை உண்டாக்கி அனுப்பும் நரம்பு செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்த செல்களின் மேலேயே இருக்கும் 5-ஹெச்டி-1ஏ ஏற்பி, "போதும், அனுப்பாதே" என்று தடுக்கும். பஸ்பிரோன் அதைத் தூண்டுவதால் ஆரம்பத்தில் செரோட்டோனின் ஓட்டம் குறையத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் விடாமல் தூண்டப்பட்டால் அந்தத் தடுப்பு ஏற்பி மரத்துப்போய்விடும். செல்கள் மறுபடி பழையபடி செரோட்டோனினை அனுப்ப ஆரம்பிக்கும்.

இரண்டாவது இடம் ஹிப்போகேம்பஸ், மூளைப் புறணி போன்ற பகுதிகள். பயமும் நினைவும் பின்னிக்கிடக்கும் இடங்கள் இவை. இங்கே பஸ்பிரோன் ஏற்பியை முழு வேகத்தில் தூண்டாது, ஓரளவுக்கே தூண்டும். செரோட்டோனின் குறைவாக இருந்தால் கொஞ்சம் கூட்டும், அதிகமாக இருந்தால் இடத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குறைக்கும். மருந்தியலில் இதைப் பகுதித் தூண்டி என்பார்கள்.

இது போக டோபமைன் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் டி2 ஏற்பியிலும் லேசாக ஒட்டும். கல்லீரல் இதை உடைக்கும்போது பிறக்கும் 1-பிபி என்ற துணைப்பொருள், உடம்பை உஷார்ப்படுத்தும் நார் அட்ரினலின் பக்கம் கொஞ்சம் வேலை செய்யும். சிலருக்கு முதல் சில நாள் ஒரு மாதிரி துறுதுறுப்பாக இருப்பதற்கு இவையும் காரணமாக இருக்கலாம்.

எத்தனை நாளில் குணம் தெரியும்?

இரண்டு முதல் நான்கு வாரம். முழுப் பலன் தெரிய அதற்கு மேலும் ஆகலாம்.

ராணிப்பேட்டை பக்கமிருந்து வந்த ஒரு அண்ணன் பாதி தீர்ந்த ஸ்ட்ரிப்பை மேஜை மேல் வைத்து, "இன்னா சார், போட்டாலும் போடாத மாதிரியே கீது. காசு தண்டம்" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி கேட்டுப் பூட்ட நாலு தடவ எழுந்து பாப்பாரு. இப்ப ரெண்டு தடவதான்." மாற்றம் இப்படித்தான் வரும். போட்டவருக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கு முதலில் தெரியும்.

காரணம் மேலே சொன்ன அந்தத் தடுப்பு ஏற்பிதான். அது மரத்துப்போக எடுத்துக்கொள்ளும் நாட்கள்தான் நீங்கள் காத்திருக்கும் நாட்கள். இடையில் ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டால் அந்த மாற்றம் நடக்கவே நடக்காது. தலைவலி மாத்திரை மாதிரி "தேவைப்படும்போது மட்டும்" போடுவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

எப்படி வேண்டுமானாலும் போடலாம், ஆனால் தினமும் ஒரே மாதிரி போட வேண்டும். இந்த மருந்தில் நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான்.

விழுங்கும் பஸ்பிரோன் குடலில் நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் ரத்தத்தில் கலக்கும் முன் கல்லீரல் வழியாகப் போகும்போது பெரும்பகுதி உடைக்கப்பட்டுவிடும். மாறாமல் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சராசரியாக 4 சதவீதம்தான். 10 மி.கி. மாத்திரையில் அரை மில்லிகிராம் கூடத் தேறாது. உணவோடு போட்டால் கல்லீரலில் தப்பிக்கும் அளவு கூடி, ரத்தத்தில் சேரும் மருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்கும். ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் கேழ்வரகுக் களி சாப்பிட்டுவிட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டால், அதே மாத்திரை ஒரு நாள் ஒன்று போலவும் மறுநாள் இரண்டு போலவும் நடந்துகொள்ளும். "சில நாள் கிறுகிறுக்குது, சில நாள் ஒண்ணுமே இல்ல" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எப்போது சாப்பிட்டீர்கள் என்றுதான். சாப்பாட்டோடு போடுவதே பலருக்கும் சுலபம், குமட்டலும் குறையும்.

ஏன் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை?

ரத்தத்தில் இதன் அளவு இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் பிரித்துத்தான் கொடுப்பார்கள். வழக்கமாகப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மி.கி.யில் ஆரம்பித்து, சில நாளுக்கு ஒரு முறை 5 மி.கி. கூட்டி, 20 அல்லது 30 மி.கி.யில் நிறுத்துவார்கள். உச்ச வரம்பு 60 மி.கி. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

வேறு மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

பஸ்பிரோனை உடைப்பது சிஒய்பி 3ஏ4 என்ற நொதி. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது, தூண்டிவிடும் மருந்தும் இருக்கிறது. இரண்டுமே நம் ஊர் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குபவை.

தடுப்பதில் முதலில் சொல்ல வேண்டியது இட்ராகோனசோல். வெயில் காலத்தில் வேலூரில் படர்தாமரை இல்லாத தெரு இல்லை. தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள் என்று பரவி, மாதக்கணக்கில் இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் விழுங்குகிறார்கள். தோல் டாக்டர் ஒருவர், மனநல டாக்டர் ஒருவர், இரண்டு சீட்டு, சில சமயம் இரண்டு கடை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இட்ராகோனசோலோடு சேர்ந்தால் ரத்தத்தில் பஸ்பிரோனின் மொத்த அளவு சுமார் 19 மடங்கு ஏறியது ஆய்வில் தெரியவந்திருக்கிறது. தலைசுற்றலும் மயக்கமும் வந்து விழுவதற்கு அது போதும். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் 6 மடங்கு வரை ஏற்றும். கிளாரித்ரோமைசினும் அதே வகை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுக்கும் டில்டியாஸெம் 5 மடங்குக்கு மேல், வெராபமில் 3 மடங்குக்கு மேல். இவற்றில் எது போட்டாலும் டாக்டரிடம் சொன்னால் பஸ்பிரோன் அளவைக் குறைத்து எழுதுவார்.

தூண்டிவிடுவதில் முக்கியமானது ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுப்பார்களே, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் அந்த மருந்துதான். அது நொதியை அவ்வளவு பெருக்கிவிடுவதால் பஸ்பிரோன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். போட்டும் போடாதது போலத்தான். இதற்காகக் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உயிர் காப்பது அதுதான். பதற்றத்துக்கு வேறு மருந்து பார்த்துக்கொள்ளலாம்.

மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினெசோலிட் கொடுப்பார்கள். அதோடு பஸ்பிரோன் சேரவே கூடாது. லினெசோலிட், மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற இன்னொரு நொதியைத் தடுக்கும் குணம் உள்ளது. சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறலாம், செரோட்டோனின் அளவுக்கு மீறிப்போகும் ஆபத்தான நிலையான செரோட்டோனின் நோய்க்குறி வரலாம். மன அழுத்தத்துக்கான மாத்திரைகளிலும் இந்த நொதியைத் தடுக்கும் ஒரு பழைய வகை உண்டு. அதை நிறுத்தி 14 நாளாவது ஆன பிறகே பஸ்பிரோன் தொடங்கலாம்.

மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளோடு டாக்டர்களே சேர்த்து எழுதுவது உண்டு. அது தவறில்லை. ஆனால் அதற்கு மேல் மூட்டு வலிக்கு டிராமடோலும் சேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சல், நடுக்கம், வியர்வை, பேதி, குழப்பம், கை கால் வெட்டி இழுத்தல் ஆகியவை ஒன்றாக வந்தால் அது செரோட்டோனின் நோய்க்குறியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைக்கு வரும்போது எல்லா டாக்டர் சீட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

பழச்சாறு குடிக்கலாமா?

ஆய்வு நடந்தது கிரேப்ஃப்ரூட் சாற்றில். அதை நிறையக் குடித்தபோது மருந்து 9 மடங்கு ஏறியது. நம் பக்கம் அந்தப் பழம் அதிகம் கிடைக்காது, ஆனால் அதன் நெருங்கிய உறவான பம்ப்ளிமாஸ் கிடைக்கும். அதை விட்டுவிடுங்கள். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு பற்றிப் பயப்பட வேண்டாம்.

லாரி ஓட்டுகிறேன், டேனரியில் மெஷினில் நிற்கிறேன். போடலாமா?

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த மருந்தின் அருமை தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் தோலைச் சீவும் ஷேவிங் மெஷின் முன்னால் நிற்பவருக்கும், ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையில் லோடு அடிப்பவருக்கும் ஒரு நொடி கண் செருகினாலும் ஆபத்து. சோதனைகளில் பஸ்பிரோன் போட்டவர்களில் 10 சதவீதம் பேர் தூக்கக் கலக்கம் என்றார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களிலும் 9 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் தூக்கம் வேறு, தலைசுற்றல் வேறு. ஆரம்பத்திலும் அளவு கூட்டும்போதும் தலைசுற்றல் வரலாம். அந்த நாட்களில் வண்டியையும் மெஷினையும் தொடாமல் இருந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

பக்க விளைவுகள்?

தலைசுற்றல்தான் அதிகம். பிறகு குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுவது. பெரும்பாலும் தானாக அடங்கும். அபூர்வமாக ஒரே இடத்தில் உட்கார முடியாமல் கால் தவிக்கும், அல்லது வாய், கழுத்து தானாக அசையும். அப்படி வந்தால் பொறுத்துப் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளில் வருகிற தாம்பத்தியக் குறைபாடு இதில் பொதுவாக வருவதில்லை. கூச்சத்தில் பலர் கேட்காமல் போகிற விஷயம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

பழக்கமாகிவிடுமா?

ஆகாது. போதையும் தராது. குடியோடு சேர்ந்தால் பென்சோடயஸிபீன் அளவுக்கு ஆபத்து இல்லை என்றாலும், குடியே பதற்றத்தை வளர்ப்பது. மருந்து போடும் காலத்தில் குடியை விட்டுவிடுங்கள்.

வருஷக்கணக்காக அல்பிரசோலம் போடுகிறேன். நாளையே இதற்கு மாறிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தினமும் பென்சோடயஸிபீன் போட்ட மூளை அதை நம்பியே இயங்கப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் தூக்கம் போய், கை நடுங்கி, பதற்றம் பழையதைவிடக் கூடும். சிலருக்கு வலிப்பே வரும். பஸ்பிரோன் காபா பக்கம் போவதில்லை என்று மேலே சொன்னேன் இல்லையா? அதனால் அந்தத் தவிப்பில் கொஞ்சத்தைக் கூட இதனால் தணிக்க முடியாது, வலிப்பையும் தடுக்க முடியாது. குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் இதே பதில்தான்.

சரியான வழி: பழைய மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே பஸ்பிரோனைத் தொடங்கி, அது வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, பழையதை வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. எவ்வளவு, எந்த வேகம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் சிலருக்கு பஸ்பிரோன் திருப்தி தராது. போட்டவுடன் வரும் அந்த இதத்தை மனம் தேடும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதியில் விட மாட்டார்கள்.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

கல்லீரலோ சிறுநீரகமோ கடுமையாகக் கெட்டிருந்தால் வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரிடம் பேசாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிறுவர்களுக்கு இது பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. வயதானவர்களுக்கு, விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்குக் காரணமாகும் தூக்க மாத்திரைகளைவிட இது நல்லது என்பது என் கருத்து.

எங்கே காட்டுவது?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையைப் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிக்கும் இடம் அது. பாகாயம் என்றாலே சிலர் முகம் சுருங்குகிறது. சர்க்கரைக்கு டாக்டரிடம் போகக் கூச்சப்படுவதில்லை, இதற்கும் வேண்டாம். போக முடியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே பேசுவார்கள்.

படபடப்பு என்று போகும் எல்லோருக்கும் மனப்பதற்றம்தான் என்று இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடித்தாலும் அடிக்கும். ரத்தப் பரிசோதனை எழுதினால் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

அப்படிப் பார்க்கும்போது சிலருக்கு, படபடப்பைத் தரும் கட்டி சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியில் இருக்கிறதா என்று அறிய 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். பஸ்பிரோன் அந்தச் சோதனையின் முடிவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். மருந்து போடுவதைச் சொன்னால் 2 நாள் முன்பே நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

எப்போது நிறுத்தலாம்?

நன்றாகிவிட்டது என்று தோன்றும் நாளிலேயே நிறுத்த வேண்டாம். குணமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்தும்போது பென்சோடயஸிபீன் போல உடம்பு தவிக்காது என்றாலும், பழைய கவலை மெதுவாகத் தலைகாட்டுகிறதா என்று பார்ப்பதற்காகப் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். மறுபடி ராத்திரி எழுந்து கேட்டைப் பார்க்க ஆரம்பித்தால் அவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.